தனக்கோடி ஓடை

தண்ணீர் வருவதற்கு முன்னால் அதன் வாசனை வந்துவிடும். மேலே வானம் பளிச்சென்று வெளுத்துக் கிடக்கும், காலுக்குக் கீழே ஓடை மணல் சுட்டுக்கொண்டிருக்கும், கண்ணுக்கு எட்டிய வரையில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில், புதுப்பானையில் முதல் தண்ணீர் ஊற்றினால் எழும்புமே, அந்த மாதிரி ஒரு ஈரக் களிமண் வாசனை மேற்கிலிருந்து காற்றோடு வந்து மூக்கில் ஏறும். மாடுகள்தான் அதை முதலில் கண்டுபிடிக்கும், மேய்வதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கும். பிறகு சத்தம், பாரவண்டிகள் தூரத்தில் வரிசையாக வருவதைப் போல. அதற்கு மேல் நின்று யோசிக்க நேரமில்லை, கரை ஏறிவிட வேண்டியதுதான்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், பஸ்ஸில் போகிறவர்கள் தூங்குவதற்கென்றே ஏற்பட்டது போன்ற ஒரு பொட்டல் இருக்கிறது. வெள்ளையும் மஞ்சளும் செங்கல் நிறமுமாக மண் மேடுகள், அவற்றின் மேல் என்றைக்கோ பெய்த மழை நகத்தால் கீறிவிட்டுப் போன பள்ளங்கள், நிழலுக்கு ஒதுங்கலாம் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருவேல மரம். குனிந்து பார்த்தால் காலடியில் கல்லாகிப்போன நத்தைகள் கிடைக்கும். கொட்டைப்பாக்கு அளவிலிருந்து வண்டிச் சக்கரத்துக் குடம் அளவு வரை சுருண்டு சுருண்டு கிடக்கும் அவற்றை நாங்கள் "கல்நத்தை" என்போம். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம், பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். ஒரு குடம் குடிதண்ணீருக்கு அரை மைல் நடக்கிற ஊர்ப் பிள்ளைகளிடம் போய்க் கடல் இருந்தது என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நாங்களும் சிரித்தோம்.

அந்தப் பொட்டலில்தான் எங்கள் ஓடை இருந்தது. மேற்கே மேட்டு நிலத்தில் ஒரு கசிவாகத் தொடங்கும் இடத்தில் அதற்கு "ஊத்துப்பள்ளம்" என்று பேர். கொஞ்சம் கீழே இறங்கி நத்தைக்கல் மேடுகளுக்குள் புகுந்து வளைந்து வரும்போது "நத்தையோடை". இன்னும் கீழே, உப்பு மூட்டையோடு போன செட்டியார் ஒருவரை எந்தக் காலத்திலோ வெள்ளம் கொண்டுபோன இடத்தில் "செட்டிப்பள்ளம்". அதற்கும் கீழே எங்கள் ஊருக்கு மேற்காக அகலமாக ஓடி, பிறகு கிழக்கே பல ஊர் தாண்டி மருதையாற்றில் கலந்துவிடும். ஒரே ஓடைதான். ஆனால் முழு ஓடைக்கும் ஒரு பேர் என்று யாரும் வைக்கவில்லை, வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை, அவரவர் காலில் பட்ட துண்டுக்கு அவரவர் ஒரு பேர் வைத்துக்கொண்டார்கள். எங்கள் துண்டுக்கு மட்டும் பேர் கிடையாது. வெறும் "ஓடை" என்றால் அது எங்களுடையது.

எங்கள் பக்கத்தில் ஓடைகளுக்குப் பெரும்பாலும் பேர் வருகிற விதமே அப்படி, யாராவது ஒருவர் அதன் வெள்ளத்தில் போக வேண்டும். செட்டியார் போனதால் செட்டிப்பள்ளம். வடக்கே இன்னொரு ஓடையில் ஒரு குயவர் போனதால் "குசவன் வாரி". போனவரைப் பற்றி வேறு எதுவும் யாருக்கும் தெரியாது, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எதற்காக அந்த நேரத்தில் அங்கே வந்தார் ஒன்றும் தெரியாது, பேர் மட்டும் நிற்கும். எங்கள் ஓடைக்குப் பேர் இல்லாமல் இருந்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

வருஷத்தில் ஏழெட்டு நாள் தண்ணீர் ஓடினால் அதிகம். மற்ற நாளெல்லாம் அதுதான் எங்களுக்கு ரோடு. வண்டிகள் அதன் மணலில்தான் போகும், ஆட்டுக்காரர்கள் அதிலேயே நடந்து குன்னம் வரைக்கும் போவார்கள். எங்கள் வீட்டுக்கு நேரே ஓடைக்கு நடுவில் தட்டையாக ஒரு பெரிய பாறை உண்டு. சாணி போட்டு மெழுக வேண்டியதில்லை, மண் ஒட்டாது, காலை வெயில் ஏறியதும் அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகச் சுடும். தானியம் காயவைக்க அதைவிடத் தோதான இடம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்பதால் அதற்குக் "களப்பாறை" என்று பேர். ஓடைக்குப் பேர் இல்லை, அதிலிருந்த பாறைக்குப் பேர் இருந்தது.

எங்கள் வீடு ஊரில் இல்லை. அப்பா அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரித்தபோது அவர் பங்குக்கு ஓடைக்கு அக்கரையில் இருந்த மேட்டுக் கொல்லை வந்தது. கொல்லையிலேயே மண்சுவர் வைத்துக் கூரை போட்டுக் குடி வந்துவிட்டார். ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடை. தண்ணீர் வந்தால் நாங்கள் தனி, வராவிட்டாலும் ஏறக்குறைய தனிதான். இருந்தாலும் அம்மா இருந்த வரையில் தனியாக இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியதில்லை. அம்மா வாய் ஓயாமல் பேசுவாள். ஆட்டோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள், கேட்க யாருமில்லாவிட்டால் காய்கிற கம்போடு பேசுவாள்.

அம்மாவுக்கு ஒரு பேர் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. இன்றைக்கு இதைச் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். கட்டிக்கொடுத்த ஊரில் பெண்களைப் பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அம்மா குன்னத்திலிருந்து வந்ததால் ஊருக்கெல்லாம் "குன்னத்தா". எனக்கு அம்மா. அப்பாவோ அவளை எதைச் சொல்லியும் கூப்பிட்டதில்லை. பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது, ஆனால் நாலு பேர் காதில் விழும்படி அப்படிக் கூப்பிட்ட ஆம்பளையை ஊர் சும்மா விடாது, சாகிற வரைக்கும் கேலி செய்யும். அதனால் வீட்டுக்குள் "இந்தா", தூரத்திலிருந்தால் "ஏ". அப்பா ஏற்கெனவே பேச்சில் சிக்கனம், அவருக்கு அந்த இரண்டுமே போதுமானதாக இருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசிக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கு ரேஷன், துணிக்கு வரிசை. சொந்தக் கொல்லையில் விளைந்த கம்புதான் எங்களுக்குச் சோறு. புரட்டாசி மாதம், பாதிக் கொல்லை அறுத்தாகிவிட்டது, பாதி கதிரோடு நின்றது. அறுத்து அடித்த கம்பை அம்மா களப்பாறையில் கொட்டிப் பரப்பி வைத்திருந்தாள். அப்பா ஓடைக்கு மேல்கரையில், நின்ற கதிரில் கிளி இறங்காமல் பரண் மேல் ஏறி நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் காய்ச்சல், வீட்டுக்குள் சாக்கில் படுத்துக்கிடந்தேன். மேற்கே எங்கேயோ மலைப் பக்கம் பெய்த மழை, எங்களுக்கு ஒரு தூறல்கூடக் காட்டாமல், ஓடை வழியாக வந்தது.

அப்பா பரண் மேலிருந்து அதைப் பார்த்துவிட்டார். வளைவில் திரும்பும்போதே செம்மண் நிறத்தில் ஆள் உயரத்துக்கு வந்ததாம். அம்மா பாறை மேல் குனிந்து கம்பை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். வாசனை அவளுக்கும் வந்திருக்கும். வந்ததனால்தான் கரை ஏறாமல் கம்பை அள்ள ஆரம்பித்தாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சாப்பாட்டுக் கம்பை வெள்ளத்துக்கு விட்டுக்கொடுக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு வராது, இன்னொரு கூடை, இன்னொரு கூடை என்றுதான் கை போகும். அப்பா கத்தினார். "ஏ... ஏ... ஏய்..." என்று அவர் கத்தியது காய்ச்சலில் கிடந்த என் காதிலும் விழுந்தது. கொல்லையில் கிளி இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பிப் படுத்தேன். காலையிலிருந்து அவர் அந்தச் சத்தத்தைத்தானே போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிழக்கே, மருதையாறு சேரும் மணலில் அம்மா கிடைத்தாள். வண்டியில் கொண்டுவந்தார்கள். வெள்ளம் அதற்குள் வடிந்து, களப்பாறை கழுவித் துடைத்து வைத்தது போலக் கிடந்தது, ஒரு மணி கம்பு அதில் ஒட்டியிருக்கவில்லை. குன்னத்திலிருந்து அம்மாவின் பிறந்த வீட்டுச் சனம் வந்தது. அவளுடைய அக்கா, என் பெரியம்மா, வீட்டு வாசலில் கூட நிற்காமல் நேரே ஓடைக்கரைக்குப் போய் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "தனக்கோடி, ஏ தனக்கோடி, எங்கள விட்டுட்டு எங்கடி போன" என்று அவள் ஓடையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது அக்கரையில் ஊர் முழுக்கக் கேட்டது. தனக்கோடி யார் என்று நான் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன். என் அம்மாவின் பேரை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அந்த அழுகை ஊர்க் காதில் தங்கிவிட்டது. ஊரில் யாரும் யோசித்து வைக்கவில்லை, கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, அடுத்த முறை மாட்டுத் தீவனத்துக்கு வந்தவர்கள் "தனக்கோடி ஓடைப் பக்கம் புல்லு இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தவரை குன்னத்தாவாக இருந்தவளுக்குச் செத்த பிறகு பேர் வந்துவிட்டது. அதை அவர்கள் சொல்லும்போதெல்லாம் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். ஆனால் இன்னொரு பக்கம், அந்தப் பேரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று காது காத்துக்கொண்டும் இருக்கும்.

வீட்டில் சமைக்க ஆளில்லை என்று அப்பாவின் அக்கா வந்து சேர்ந்தாள். என் அத்தை. புருஷன் இல்லாதவள், பிள்ளையும் இல்லை, கை சுத்தம், வாய்தான் கத்தி. வந்த சில நாளில் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் ஒன்று சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பேரைச் சொல்லிக் கூப்புட்டிருந்தா திரும்பிப் பாத்திருப்பாடா. வெறுமனே ஏ ஏன்னா, கிளி ஓட்டுறான்னுதானே நெனைப்பா." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளுக்குத் தோன்றியதைச் சொன்னாள். அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து அப்பா கிளி ஓட்டக் குரல் கொடுப்பதை விட்டுவிட்டார். ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பரண் மேல் உட்கார்ந்து குச்சியால் தட்டுவார். கிளிகளுக்கு நாலு நாளில் டின் பழகிவிட்டது. தலைக்கு மேல் டங் டங் என்று சத்தம் கேட்கும், கீழே அவை பாட்டுக்குக் கதிரைக் கொறித்துக்கொண்டிருக்கும். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எங்கள் கம்பில் பாதி கிளிக்குப் போனது. அத்தை எவ்வளவோ ஏசிப் பார்த்தாள், அவர் வாயைத் திறக்கவில்லை. ஓடையைப் பற்றிப் பேச வேண்டி வந்தாலும் "அந்தப் பள்ளம்" என்பார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பேரை அவர் மட்டும் சொல்லவில்லை.

எனக்கு ஊரில் ஒரே ஒரு கூட்டாளி இருந்தாள், செம்பாயி. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் ஓடைக்குள் கல்நத்தை பொறுக்குவோம், பெரிய நத்தை மாமியார், சின்ன நத்தை மருமகள் என்று வைத்துக் குடும்பம் நடத்துவோம். அம்மா போன பிறகு அவள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் ஏன் என்று கேட்டேன். மறைக்கத் தெரியாதவள், நேராகச் சொன்னாள். "உங்கம்மா பேயாயிடுச்சாம், எங்கம்மா சொன்னுச்சு. ஓடைக்குள்ள வந்தா தனக்கோடி புடிச்சுக்குமாம்." சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்த பொரிகடலையில் பாதியை எனக்குக் கொடுத்தாள். அடங்காத பிள்ளைகளை எல்லா வீட்டிலும் இந்தப் பேரைச் சொல்லித்தான் அடக்கினார்கள். ஆட்டோடும் அடுப்போடும் பேசிக்கொண்டிருந்த என் அம்மா, யாரையும் ஒரு அதட்டல் போட்டறியாதவள், ஊர்ப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கிறவளாக ஆகிவிட்டாள்.

எனக்குப் பயம் வரவில்லை. எனக்கு வந்தது ஆசை. எல்லாப் பிள்ளைகளும் எதைக் கண்டு ஓடினார்களோ அதைத் தேடி நான் போனேன். பேய்க்கு உகந்த நேரம் உச்சிவெயில் என்று பேசிக்கொண்டார்கள், அதனால் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் உச்சி வேளை பார்த்துப் போய்க் களப்பாறையில் உட்காருவேன். பாறை சுடும், பாவாடையை இழுத்து மடித்துக் கீழே போட்டுக்கொள்வேன். இரண்டு பக்கமும் வெள்ளை மண் கரை, மேலே வெறும் வானம், எங்கேயோ அப்பாவின் டின் சத்தம். பேயாக இருந்தால்தான் என்ன, அம்மாதானே, வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பேன். என்னைப் பிடித்துக்கொள்ள யாரும் வரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அழுதால் அத்தைக்குத் தெரிந்துவிடும் என்று மணலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

போகப்போகப் பேருக்கும் ஆபத்து வந்தது. விளக்கு வைத்த நேரத்தில் செத்தவள் பேரைச் சொல்லாதே, கூப்பிட்டதாக நினைத்து வந்து நிற்பாள் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள். முதலில் விளக்கு வைத்த நேரத்தில் மட்டும் பேரை விட்டார்கள், பிறகு பகலிலும் விட்டார்கள். தனக்கோடி ஓடை "பேய் ஓடை" ஆகிவிட்டது. மூன்று நாலு வருஷத்துக்குள் சின்னப் பிள்ளைகளுக்கு அது பேய் ஓடையாக மட்டும்தான் தெரியும். அம்மாவைக் கொண்டுபோன ஓடை, கடைசியில் அவள் பேரையும் கொண்டுபோய்விட்டது என்று எனக்குப் பொறுக்கமாட்டாமல் இருந்தது. செட்டியார் பாடு தேவலை என்று நினைத்தேன், அவர் செட்டியாராகவாவது இருந்தார்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போகிறான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், அதேபோல ஒரு கம்பு அறுப்புக் காலத்தில், ரோடு போட அளப்பதற்கு ஆட்கள் வந்தார்கள். பெரம்பலூர்ப் பக்கமிருந்து வந்து எங்கள் ஓடையைத் தாண்டி அரியலூர்ப் பக்கம் போகும் ரோடு என்றார்கள். வெயிலுக்குச் சோலா தொப்பி போட்ட சர்வே அதிகாரி ஒருவர், இரும்புச் சங்கிலி இழுக்கிறவர்கள், முக்காலி தூக்குகிறவர்கள், சிவப்புக் கொடி பிடிக்கிறவர்கள் எல்லாரும் எங்கள் கிணற்றடி வேப்ப மரத்துக்குக் கீழேதான் கூடாரம் போட்டார்கள், அந்தப் பக்கத்தில் தண்ணீர் இருந்த இடம் அது ஒன்றுதான். எங்கள் வீட்டைச் சுற்றி அவ்வளவு மனிதக் குரல்களை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அத்தைக்குக் கூட வாயில் இனிப்பு வந்துவிட்டது.

ஓடையை அளந்து முடித்த அன்று ஊர் மணியக்காரர் வந்தார். தமக்கு ஒரு நாற்காலியை ஊரிலிருந்தே ஆள் தலையில் வைத்துக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் நாற்காலி இருக்காது என்று அவருக்குத் தெரியும், அதை எங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டியிருந்தது. இங்கே ஒரு பாலம் வருகிறது, பிளானில் ஓடையின் பேரைக் குறிக்க வேண்டும், பேர் என்ன என்று சர்வே அதிகாரி கேட்டார். மணியக்காரர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "பேய் ஓடைன்னு சொல்லுவாங்க சார். வேற பேரு கெடையாது."

அதிகாரியும் சிரித்தார். பேய் ஓடைப் பாலம் என்று எழுதினால் மேலாபீஸில் தன்னைப் பைத்தியம் என்பார்கள், ஆனாலும் ஊரில் வழங்குகிற பேரைத்தான் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்தார். சங்கிலி ஆட்களும் சிரித்தார்கள். நான் வாசல் படியில் நின்றிருந்தேன். அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் வாயில் இருக்கிற வரையில் பேர் மாறும், மறுபடியும் மாறினாலும் மாறும், கவர்மெண்டுக் காகிதத்தில் ஏறிவிட்டால் என் அம்மா எந்தக் காலத்துக்கும் பேய்தான் என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அப்பா கிணற்றிலிருந்து அவர்களுக்காகத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆபீஸர் யாராவது வந்து ஒரு பெண்பிள்ளையிடம் புருஷன் பேரைக் கேட்டால் அவள் பக்கத்தில் நிற்கிற குழந்தையைத்தான் பார்ப்பாள், குழந்தை சொல்லிவிடும். அப்பா அப்படி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு வரவில்லை. பெற்றவள் பேரைப் பிள்ளை சொல்வதும் எங்கள் வீடுகளில் வழக்கமில்லை, அதோடு நான் அந்தப் பேரை மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லியிருந்தேனே தவிர, ஒரு தடவை கூட வாயால் சொன்னதில்லை.

அப்பா வாளியைக் கிணற்றுக் கட்டை மேல் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு அதிகாரி முன்னால் வந்து நின்றார்.

"பேய் இல்லீங்க. தனக்கோடி ஓடைங்க."

அது யார் என்று அதிகாரி கேட்டார்.

"எம் பொஞ்சாதிங்க. இதுலதான் போயிட்டா."

சிரிப்பு நின்றுவிட்டது. மணியக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், சங்கிலி ஆட்களில் வயதான ஒருவர் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதிகாரி காகிதத்தைப் பார்த்துக் குனிந்தார். அப்பாவோ அதற்குள் அவரை விட்டுத் திரும்பிவிட்டார். கிணற்றடியிலிருந்து இரண்டு எட்டு நடந்தால் ஓடைக்கரை. அங்கே போய் நின்றுகொண்டு, களப்பாறையைப் பார்த்து, "தனக்கோடி" என்று கூப்பிட்டார். அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம் அது, பழைய கிளி ஓட்டுகிற குரல். டின்னுக்குப் பழகிப்போயிருந்த கிளிகள் கொல்லையிலிருந்து பச்சைப் பச்சையாக எழும்பி ஓடையைத் தாண்டிப் பறந்தன. அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் அப்பா கூப்பிடவில்லை, திரும்பி வந்து வாளியை எடுத்து மீதித் தண்ணீரைச் சேந்தினார். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அந்தப் பேரை மறுபடியும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதிகாரி என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, அந்தக் காகிதத்தை நான் பார்த்ததுமில்லை. ஆனால் ரோட்டு வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் "தனக்கோடி ஓடை வேலை" என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கு என் அம்மாவையும் தெரியாது, பேயையும் தெரியாது. ஜல்லி அடிக்கிறவர்களும் தார் காய்ச்சுகிறவர்களும் பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்ததில் ஊருக்கும் அது பழகியது. பாலம் வந்து, பஸ் வந்து, பாலத்தடியில் பஸ் நின்றபோது அந்த இடத்துக்கும் அதே பேர் வந்துவிட்டது. செம்பாயி ஒருநாள் தயங்கித் தயங்கி மறுபடியும் ஓடைக்குள் இறங்கி வந்தாள். நத்தைக் குடும்பம் நடத்துகிற வயசை அதற்குள் நாங்கள் இருவருமே தாண்டியிருந்தோம், சும்மா பாறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

என்னை லால்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே வாய்க்காலில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும், யாரும் அதைத் திரும்பிக் கூடப் பார்ப்பதில்லை. அத்தை போய், அப்பாவும் போன பிறகு கொல்லையைப் பங்காளிகளுக்கே விற்றுவிட்டோம், அவர்களிடமிருந்து அது சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்களுக்குப் போனது. இப்போது எங்கள் வீடு இருந்த இடம், கிணறு, வேப்ப மரம், களப்பாறை எல்லாம் சேர்த்து ஒரே பெரிய பள்ளம். பச்சை நிறத்தில் தண்ணீர் அதன் அடியில் தேங்கிக் கிடக்கிறதாம். ஓடையை மேற்கேயே மறித்து வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். செட்டிப்பள்ளமும் போய்விட்டது, ஊத்துப்பள்ளம் எங்கே என்று காட்ட ஆளில்லை. கல்நத்தைகளைப் பொறுக்கக் கார் வைத்துக்கொண்டு யார் யாரோ வருகிறார்கள். தண்ணீர் ஓடாத இடத்தின் மேல் பாலம் மட்டும் நிற்கிறது.

போன வருஷம் செம்பாயியின் பேத்திக்குக் கல்யாணம். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, பையன் கார் வைத்துத் தருகிறேன் என்றான், நான் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊருக்கு முந்தின பாலத்து ஸ்டாப்பிங்கில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்து போகலாம் என்று நினைப்பு. அந்தத் தடத்தில் நான் தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் வீட்டுக்காரரோ, பையனோ கூட வந்து டிக்கெட் வாங்கினார்கள், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துவிட்டேன்.

கண்டக்டர் என் பேரன் வயசுப் பிள்ளை. எங்கே என்று கேட்டான். சொன்னேன், எனக்கே கேட்கவில்லை. அவன் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுவந்தான்.

"எந்த ஸ்டாப்பிங்கும்மா? சத்தமா சொல்லுங்க."

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தனக்கோடி ஓடை" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.